ஏற்றமும் இருதயமும்

லுணுகலையிற் பிறந்தவர்க்குச் சமதரை அரிய பொருள். லயத்திலிருந்து பிரட்டுக்களத்துக்கும், அங்கிருந்து கொழுந்து மலைக்கும், பசறை பஸ்ஸைப் பிடிக்கப் பெருந்தெருவுக்கும் ஏறியோ இறங்கியோதான் போதல் வேண்டும். ஆதலால் மாரடைப்பினின்று மீண்டவரிடம் "நாள்தோறும் நடவுங்கள்" என்று மாத்திரம் சொல்லியனுப்புவது, மருந்தின் பெயரைச் சொல்லி அளவைச் சொல்லாது விடுவதனை ஒக்கும். என்னுடன் ஒரே வாங்கிலிருந்து கற்ற நண்பரொருவர் அவ்வாறே அனுப்பப்பட்டார். மறுவாரமே தோட்டத்துப் படிகளை ஒரே மூச்சில் ஏறி, நெஞ்சு நொந்து, பின் ஆறு மாதம் சாய்மனைக் கதிரையை விட்டு எழாதிருந்தார். முன்னது இருதயத்தை வருத்தியது. பின்னது கால்களின் வலிமையையும் கொண்டுபோயிற்று.

ஓய்வே மருந்தென்னும் எண்ணம் வைத்தியரிடத்தும் நெடுங்காலம் இருந்தது. நோயாளரை வாரக்கணக்காகக் கட்டிலிற் கிடத்திய காலத்தில், 1952இல் அமெரிக்க வைத்தியர் லெவைனும் லவுனும் அவர்களைக் கதிரையில் இருத்தலாமென்று எழுதியதே புதுமையாயிற்று. ஆயினும் 18ஆம் நூற்றாண்டினரான ஆங்கில வைத்தியர் ஹெபர்டன், தினமும் அரைமணி நேரம் மரமறுத்த நெஞ்சுவலிக்காரரொருவர் ஏறக்குறையக் குணமடைந்ததைக் குறித்துவைத்தார். 1880களில் ஜெர்மானியரான எர்ட்டல், மலைப்பாதைகளை ஏற்றத்தின்படி தரம்பிரித்து, இருதய நோயாளரைப் படிப்படியாக ஏறச்செய்தார். நம் மலைநாட்டார் நினைவிற் கொள்ளத்தக்க பெயர் இது.

மணிக்கு மூன்றரைக் கிலோமீற்றர் வேகத்திற் சமதரையில் நடப்பவர், அதே வேகத்தில் நூறடிக்குப் பத்தடி உயரும் பாதையில் ஏறுவாராயின், உடல் கேட்கும் பிராணவாயு இருமடங்குக்கு மேலாகும். முதுகிற் கொழுந்துக் கூடையுமிருந்தால் இன்னும் மிகும். எனவே தூரத்தை மட்டும் கணக்கிட்டுப் பயனில்லை.

அளவறிய பின்லாந்து அறிஞர் கார்வோனன் 1957இல் வழி காட்டினார். ஓய்வில் நாடி 70, வைத்தியர் முன் செய்த சோதனையில் உச்சம் 130 எனின், இடைவெளி 60. அதில் நூற்றுக்கு 40 முதல் 60 பங்கை ஓய்வு நாடியோடு கூட்ட, 94 முதல் 106 வரை வரும். பயிற்சியைத் தொடங்குவோர்க்கு இதுவே போதியது. நாடியை மெதுவாக்கும் அற்றெனலோல் போன்ற குளிகையை உண்ட நிலையிலேயே சோதனை நிகழ்ந்திருத்தல் வேண்டும்; அன்றேல் கணக்குப் பொய்க்கும். நாடியெண்ண அறியாதார்க்குச் சுவீடன் நாட்டு போர்க் வகுத்த 6 முதல் 20 வரையான சிரம அளவுகோல் உண்டு; அதில் 11 முதல் 14 வரை தகும். அதனினும் எளிது நம் பேச்சே. நடக்கும்போது ஒரு வாக்கியத்தை மூச்சு முறியாது சொல்லக்கூடுமாயின் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கொருமுறை மூச்சு வாங்கினால் மிகை. நெஞ்சு வலித்தாலோ தலை சுழன்றாலோ உடனே நிற்கவேண்டும். நின்றும் வலி தணியாதாயின் தாமதியாது வைத்தியசாலை சேர்தல் வேண்டும்.

நோர்வேயில் நான்கு நிமிடம் கடுமையாகவும் மூன்று நிமிடம் மெதுவாகவும் மாறிமாறி நடக்கச்செய்து நற்பயன் கண்டனர். அது சோதனைக்குப்பின், கண்காணிப்போடு செய்வது. தோட்டத்துப் படியில் தனியே பரீட்சிப்பதற்கன்று.

நண்பர் இப்போது வைத்தியர் சொற்படி, பெருந்தெருவின் சமமான பகுதியில் ஐந்து நிமிடம் மெல்ல நடந்து, பின் சற்று விரைந்து, முடிவில் மீண்டும் மெல்ல நடக்கின்றார். வீட்டுப் படிகளைப் பத்துப் பத்தாகப் பிரித்து, இடையில் நின்று, எதிர்ப்படுவோருடன் இரண்டு வார்த்தை பேசிய பின்னரே மேலேறுகின்றார்.