மழலையர்க்கு இடமும் பொதுப் பணமும்

(உறுப்பினர் கல்விப் பாடம்)

சேலம், நாமக்கல் சமவெளியில் நெசவு ஒருவர் தொழிலன்று, குடும்பத்தின் தொழில். கணவர் தறியில் அமர, மனைவி தார் சுற்றுகிறார். மரவள்ளிக் காட்டிலும் இருவர் உழைத்தால்தான் அடுப்பெரியும். அவ்வேளையில் குழந்தையைக் காப்பவர் யார்? பெரியவர் இல்லாத வீட்டில் தாயின் வேலை நிற்கும். அன்றேல் மூத்த பெண்ணின் படிப்பு நிற்கும். ஆதலின் குழந்தைக்கு ஓர் இடம் என்பது தருமமன்று. வருமானக் கணக்கைச் சேர்ந்தது.

அரசின் ஏற்பாடு

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிற்று. தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் குழந்தைகள் மையங்களில் 1982 ஜூலை முதல் சத்துணவு வழங்கப்பட்டது. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு அங்கன்வாடி வழியே இலவச உணவை உரிமையாக்கிற்று. உணவுச் செலவை மத்திய, மாநில அரசுகள் சரிபாதியாக ஏற்கின்றன. அப்பணம் நாம் நூலுக்கும் சாயத்துக்கும் செலுத்தும் வரியிலிருந்தும் வருவதே. பலர் சேர்த்ததைத் தேவையுள்ளவர் பெறுதல் கூட்டுறவாளர்க்குப் புதிதன்று.

எஞ்சிய குறை

கைக்குழந்தைக்குச் சத்துமாவு வீடு வருகிறது. தாய் தறியில் இருக்கும்போது அதனைப் பார்த்துக்கொள்ளும் இடம் வருவதில்லை. இதற்கென 2022இல் 'பால்னா' திட்டம் வகுக்கப்பட்டது. அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்த்து நடத்தும் இத்திட்டத்தின் செலவு மத்திய, மாநில அரசுகளிடையே 60க்கு 40 எனப் பகிரப்படுகிறது. நிதி இருப்பினும், கேளாத ஊருக்கு இடம் தானே வந்து சேராது.

சங்கம் செய்யத்தக்கவை

1. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தெருவாரியாகக் கணக்கெடுக்க வேண்டும். அங்கன்வாடி இல்லாத குடியிருப்பில் அத்தகைய குழந்தைகள் 40 பேர் இருப்பின், கேட்ட மூன்று மாதங்களுக்குள் மையம் தருதல் வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13இல் ஆணையிட்டது.

2. அக்கணக்குடன் கூடிய மனுவைக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் அளித்து, ஒப்புதல் பெற்று, படியைச் சங்கக் கோப்பில் வைக்க வேண்டும். கிராம சபையிலும் தீர்மானம் இயற்றலாம்.

3. சங்கக் கட்டடத்தில் வெளிச்சமும் காற்றும் உள்ள அறை வெறுமே இருப்பின், காப்பகத்துக்கு அதனைத் தர இசைவு தெரிவிக்கலாம்.

சிந்தனைக்கு

நம் சங்க உறுப்பினர் வீடுகளில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை? அவர்களுள் மையம் செல்லாதோர் எவர்? குழந்தையின் பொருட்டு வேலையை விட்ட தாய்மார் எத்தனை பேர்? அடுத்த பேரவைக் கூட்டத்துக்கு முன் இவற்றுக்கு விடை கண்டு வருக.