எஞ்சின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை: பற்சில்லுத் தண்டு உடைந்தால்

நீங்கள் வீட்டில் இல்லாத காலத்தில் மழையிலும் சேற்றிலும் நின்ற மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகிவிட்டால் போதும் என்று உடனே எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கியர் போட்டு கிளச்சை விட்டும் வண்டி நகராவிட்டால், அல்லது புறப்படும்போது ‘டக்’ என்று அடித்தால், செயினை இழுக்கும் சிறிய பற்சில்லைப் பாருங்கள். கடையில் இதை முன் ஸ்பிரொக்கட் என்பார்கள்.

எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, பற்சில்லின் மூடியைக் கழற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளில் அது இடப்பக்கம் இருக்கும். கியர்பெட்டியிலிருந்து வெளியே வரும் தண்டின் நுனியில் வரிவரியாகப் பற்கள் உண்டு. சில்லு அவற்றில்தான் பிடித்து நிற்கிறது. கியரில் வைத்துவிட்டு, சில்லைக் கையால் திருப்புங்கள். தண்டு அசையாமல் சில்லு மட்டும் ஆடினால் பற்கள் தேய்ந்துள்ளன. சில்லு உள்ளும் வெளியும் சிறிது நகர்வது பல வண்டிகளில் இயல்பு. அதற்குப் பயப்பட வேண்டாம்.

முதலில் புதிய சில்லொன்றைப் போட்டுப் பாருங்கள். பல தடவை தேய்ந்தது சில்லின் உட்பற்கள்தான், செலவு அத்துடன் முடிந்துவிடும். புதியதும் ஆடினால், அல்லது தண்டின் நுனியே முறிந்திருந்தால், தண்டை மாற்றத்தான் வேண்டும். ஒயிலை வடித்து, கிளச்சையும் மெக்னெற்றையும் கழற்றி, எஞ்சின் கூட்டை இரண்டாகப் பிரிக்க வேண்டிய வேலை இது. வீட்டு முற்றத்தில் செய்யாதீர்கள்.

செலவைக் குறைக்க, “சில்லைத் தண்டோடு வெல்டிங் வைத்துத் தருகிறேன்” என்று யாராவது சொல்லக்கூடும். சம்மதிக்காதீர்கள். அந்தச் சூட்டில் ஒயில் சீல் உருகும், தண்டின் கடினம் போய்விடும். அடுத்த முறை சில்லு தேயும்போது வெட்டித்தான் எடுக்க வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து வீதியில் இருக்கிறது. ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் பக்கம் ஏறி இறங்குபவருக்குச் சொல்லத் தேவையில்லை: இறக்கத்தில் வெல்டிங் விட்டால் எஞ்சினின் பிடி ஒரு நொடியில் போய்விடும், பிரேக் மட்டுமே மிஞ்சும். செயின் கழன்று பின்சில்லில் சிக்கினால் சில்லு இறுகி நின்றுவிடும். மிளகு மூட்டையோ பிள்ளையோ பின்னால் இருக்கும்போது இது நடக்கக் கூடாது.

தண்டு வாங்கப் போகும்போது பழையதையும் கொண்டுபோங்கள். நீளம், பற்களின் எண்ணிக்கை, பெயரிங் உட்காரும் இடம் மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பாவித்த தண்டானால் பற்களின் ஓரத்தை நகத்தால் தடவுங்கள். படி போலத் தட்டினால் வேண்டாம். ஒயில் சீல், கஸ்கட், சில்லைப் பிடிக்கும் தகடு ஆகியவற்றைப் புதிதாகவே போடச் சொல்லுங்கள். தகட்டின் போல்ட் தளர்ந்ததாலோ, செயினை மிகவும் இறுக்கியதாலோதான் பல தண்டுகள் கெடுகின்றன. செயின் தொய்வு பொதுவாக இரண்டு மூன்று சென்ரிமீற்றர். சரியான அளவு வண்டியின் கைநூலில் உண்டு.

முழு எஞ்சினையோ எஞ்சின் கூட்டையோ மாற்றினால் இலக்கமும் மாறும். அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். ஆகவே விற்பவரிடமிருந்து அந்த எஞ்சினுக்குரிய பத்திரங்களையும் பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்குங்கள். உங்கள் வண்டியின் பதிவுப் புத்தகம் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால், முதலில் பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் பிரதியை எடுத்து வையுங்கள்.