இரண்டு பட்டம்: எது ரெகுலர், எது அஞ்சல்வழி?

பிளஸ் டூவில் காமர்ஸ் படித்தேன். நிதித் துறையில் வேலைக்குப் போக ஆசை. பி.காம்., பி.ஏ. பொருளாதாரம் இரண்டையும் ஒரே சமயத்தில் படிக்கலாமா? எதைக் கல்லூரிக்குப் போய்ப் படிப்பது?
– வாசகி, மேலூர்

தாராளமாகப் படிக்கலாம். 2022-லேயே யு.ஜி.சி. அனுமதித்துவிட்டது. பி.காமைக் கல்லூரிக்குப் போய்ப் படியுங்கள். பொருளாதாரத்தை அஞ்சல்வழியில் வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு நேரம் மோதாவிட்டால் இரண்டையும் நேரடியாகவே படிக்க விதி இடம் தருகிறது. ஆனால் காலையில் தெப்பக்குளம் தியாகராசர், மதியம் கோரிப்பாளையம் அமெரிக்கன் கல்லூரி என்று பஸ் மாறி ஓடினால், புத்தகத்தைத் திறக்க நேரம் ஏது?

கேம்பஸ் இன்டர்வியூ நடப்பது நீங்கள் தினமும் போகும் கல்லூரியில்தான். எனவே சேருமுன் வணிகவியல் துறைக்கே நேரில் போய், சென்ற ஆண்டு எந்தெந்த நிறுவனங்கள் வந்தன, என்ன வேலை கொடுத்தன என்று கேளுங்கள். பி.காமில் 55 சதவீதம் எடுத்தால் சி.ஏ. ஃபவுண்டேஷன் தேர்வு எழுதாமல் நேராக இன்டர்மீடியட்டில் சேரலாம் என்பது கூடுதல் லாபம்.

அஞ்சல்வழிப் படிப்புக்குப் பணம் கட்டுமுன் யு.ஜி.சி. அங்கீகாரப் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் செமஸ்டரில் கணக்குப்பதிவியலைப் பிடித்துவிடுங்கள். மற்றதெல்லாம் தானாக வரும்.