இங்கிலாந்தில் வீடு வாங்க சொலிசிட்டர் தேடுகிறீர்களா?

வீடு பிடித்துவிட்டது, விலையும் படிந்துவிட்டது. பத்திர வேலைக்கு ஆள் வேண்டும். கையெழுத்துப் போடுமுன் இவற்றைப் பாருங்கள்.

1. எஸ்டேட் ஏஜென்ட் கைகாட்டுபவரை உடனே அமர்த்தாதீர்கள். ஆள் அனுப்பியதற்கு ஏஜென்டுக்கு கமிஷன் போவதுண்டு. எவ்வளவு என்று நேராகவே கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

2. சொலிசிட்டர்ஸ் ரெகுலேஷன் அதாரிட்டியின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடுங்கள். போலிகள் பலர் அங்கேயே அகப்படுவார்கள்.

3. கடன் தரும் வங்கியின் பேனலில் (வங்கி அங்கீகரித்த வக்கீல் பட்டியலில்) அவர் நிறுவனம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் வங்கிக்குத் தனி வக்கீல், உங்களுக்கு இரட்டைச் செலவு.

4. உள்ளூர்க்காரர் கிடைத்தால் நல்லது. கார்ன்வாலில் பழைய தகரச் சுரங்கம், டர்ஹமில் நிலக்கரிச் சுரங்கம் என்று மண்ணுக்கடியில் இருப்பதைத் தேடிப் பார்க்க அவருக்குச் சொல்லித்தர வேண்டாம்.

5. ஃபிளாட் என்றால் லீஸ்ஹோல்ட் அனுபவம் உள்ளவரையே பிடியுங்கள். லீஸில் எத்தனை ஆண்டு மீதி, சர்வீஸ் சார்ஜ் எவ்வளவு, கூரைப் பழுதுக்கு யார் பொறுப்பு என்பதையெல்லாம் அவர்தான் துருவிப் பார்க்க வேண்டும். மீதி ஆண்டுகள் குறைவாக இருந்தால் வங்கிகள் கடன் தரத் தயங்கும்.

6. கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள். 20% வாட், கவுன்சில் தேடல், நிலப்பதிவுக் கட்டணம் எல்லாம் அதில் சேர்ந்திருக்கிறதா பாருங்கள்.

7. சொலிசிட்டரின் வங்கிக் கணக்கு எண்ணை முதல் சந்திப்பிலேயே வாங்கி வையுங்கள். "கணக்கு மாறிவிட்டது" என்று மின்னஞ்சல் வந்தால் பணம் அனுப்பாதீர்கள். உங்களிடம் ஏற்கெனவே உள்ள தொலைபேசி எண்ணில் அவரை அழைத்துக் கேளுங்கள். வீட்டுப் பணத்தைக் குறிவைக்கும் திருடர்கள் இப்படித்தான் எழுதுவார்கள்.