பூட்டு உடைந்த தேதியைக் குறித்து வையுங்கள்

திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிய மனைகளின் விலை ஏறிய பிறகு, ஒரே மாதிரியான துயரத்தோடு பலர் என்னிடம் வருகிறார்கள். இரவோடு இரவாக ஜே.சி.பி. வந்து வேலியைப் பிடுங்கிப் போட்டிருக்கும். விடிந்து போய்ப் பார்த்தால் கதவில் வேறொருவர் பூட்டு. காவல் நிலையத்தில் "சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்பார்கள். ஊர்ப் பெரியவர்களோ, "தீபம் முடியட்டும், பேசிக்கலாம்" என்பார்கள். பேச்சிலேயே மாதங்கள் ஓடிவிடும். எனக்கு மனம் ஆறாத இடம் அதுதான்.

1963ஆம் ஆண்டின் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம், பிரிவு 6, இவர்களுக்காகவே இருக்கிறது. சட்ட நடைமுறை இல்லாமல் உங்களை வெளியேற்றியிருந்தால், அன்றிலிருந்து 6 மாதத்துக்குள் சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போடுங்கள். இடம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகாது. சுவாதீனத்தில் இருந்தவர் யார், எப்படி வெளியேற்றப்பட்டார் என்று மட்டும் பார்க்கும். வெளியேற்றியவர் உரிமையாளராகவே இருந்தாலும் இடத்தைத் திருப்பித் தரத்தான் வேண்டும். தீர்ப்பின் மீது மேல்முறையீடும் கிடையாது. ஒன்று, அரசின் மீது இந்த வழக்குப் போட முடியாது.

ஆகவே மூலப்பத்திரத்தைத் தேடி அலைந்து நாளைக் கடத்தாதீர்கள். மின் கட்டண ரசீது, வீட்டு வரி ரசீது, விவசாய நிலமானால் அடங்கல், பக்கத்து வீட்டாரின் சாட்சியம் ஆகியவையே இங்கே பேசும். உடைந்த பூட்டையும் சாய்ந்த வேலியையும் அன்றே படம் எடுங்கள். புகார் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பாமல் சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். தேதிக்கு அது நல்ல சான்று.

கைகலப்பு வரும் நிலை என்றால் கோட்டாட்சியரிடமும் மனுக் கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 164 அவருக்கு அதை விசாரிக்கும் அதிகாரத்தைத் தருகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 145தான் இது. ஆனால் வெளியேற்றப்பட்ட 2 மாதத்துக்குள் தகவல் அவர் கைக்குப் போயிருக்க வேண்டும்.

அடித்தோ மிரட்டியோ இடத்தைப் பிடித்தவர் கிரிமினல் வழக்கில் தண்டனை பெற்றால், அதே சன்ஹிதாவின் பிரிவு 502இன்படி அந்த நீதிமன்றமே இடத்தை மீட்டுத் தர உத்தரவிடலாம். தண்டித்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் உத்தரவு வந்தாக வேண்டும் என்பதால், விசாரணை முடியும்போதே அரசு வழக்கறிஞரிடம் நினைவூட்டுங்கள்.

6 மாதம் தாண்டிவிட்டதா? முந்தைய சுவாதீனத்தைக் காட்டி வழக்குத் தொடுக்க 12 ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் அதில் எதிராளி தன் உரிமையைக் காட்டி வாதாடலாம். மூலப்பத்திரத்தை அப்போது தேடுங்கள்.