கோடை விடுமுறை: பகல் பன்னிரண்டு மணிக்கு முதலில் வழி செய்யுங்கள்

ஏப்ரல் கடைசி வாரம் முதல் பள்ளி திறக்கும் வரை

ஆண்டுத் தேர்வு முடிகிற நேரம் இது. லீவு விட்ட முதல் வாரத்தில் வீட்டில் என்ன பழக்கம் அமைகிறதோ, ஜூன் வரை அதுதான் ஓடும். முதல் நாள் காலை எட்டு மணிக்குப் போட்ட டிவியை ராத்திரி வரை யாரும் அணைக்கவில்லை என்றால், மறுநாள் காலை எட்டு மணிக்குப் பிள்ளை தானாகவே ரிமோட்டைத் தேடும். ஆகவே டிவி பற்றிய பேச்சை லீவு தொடங்கிய பிறகு எடுக்காதீர்கள். கடைசிப் பரீட்சைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையே, பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசி முடித்துவிடுங்கள்.

பேசும்போது "டிவி பார்க்காதே" என்று ஆரம்பித்தால் அது அங்கேயே நின்றுவிடும். பிள்ளைகள் ஏன் டிவி முன்னால் போய் விழுகிறார்கள் என்று பாருங்கள். அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில்தான் தொடங்குகிறது. ஆனால் ஏப்ரல் பாதியிலிருந்தே பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் தெருவில் கால் வைக்க முடிவதில்லை. மாலை நான்கு வரை அவர்களை வெளியே அனுப்பவும் கூடாது. நம் வீடுகளில் ஃபேன் நன்றாகச் சுற்றுகிற அறையும் டிவி இருக்கிற அறையும் பெரும்பாலும் ஒன்றுதான். தலையணையை நெஞ்சுக்கு அடியில் வைத்துத் தரையில் குப்புறப் படுத்தால், கண்ணுக்கு நேராக டிவிதான் தெரியும். நாளுக்கு 4 மணி நேரம் என்றால் 40 நாள் லீவில் 160 மணி நேரம். அந்த நான்கு மணி நேரத்துக்கு வேறு வேலை இருந்துவிட்டால், மற்ற நேரத்து டிவியைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை.

என்ன வேலை? முதலில் தாயக்கட்டம். கடையில் பித்தளைத் தாயக்கட்டை வாங்கினாலும் சரி, வாங்காவிட்டாலும் சரி. சமையலுக்குப் புளி எடுக்கும்போது கிடைக்கிற கொட்டைகளில் நல்லதாகப் பார்த்து எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் சிமெண்ட் தரையில் ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரியும்வரை தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்கக் கொட்டை சூடாகும், விரல் சுடும், நிறுத்தி நிறுத்தித்தான் தேய்க்க முடியும். அந்த வேலைக்கே ஒரு மதியம் போய்விடும். பிறகு சாக்பீஸால் தரையில் கட்டம் போட வேண்டும், ஆளுக்கொரு நிறத்தில் காய் தேட வேண்டும். தாயம் விழுந்தால்தான் காயை இறக்க முடியும் என்பதால் முதல் கால் மணி நேரமும் சண்டைதான். அந்தச் சண்டையில் நீங்கள் தலையிடாதீர்கள். வீட்டுக்கு வீடு ஆட்டத்தின் விதி மாறும். பாட்டி சொல்கிற விதியே கடைசி விதி என்று வைத்துவிட்டால் பாட்டியும் ஆட்டத்துக்கு வந்துவிடுவார். பரணில் கிடக்கிற பல்லாங்குழிப் பலகையையும் இறக்குங்கள். 14 குழிகளிலும் கையால் எண்ணிப் போட்டு விளையாடுகிற சின்னப் பிள்ளைக்குக் கணக்கும் சேர்ந்து வரும். கேரம் போர்டு இருந்தால் அதுவும் போதும்.

ஆட்டம் சலித்தால் தூக்கம். மதியம் முக்கால் மணி நேரம் தூங்குவதில் தவறில்லை. வடாம் போடுகிற வீடுகளில் விடியற்காலையிலேயே மாவு கிளறி, வெயில் ஏறுமுன் மொட்டை மாடியில் பிழிந்து முடித்துவிடுவார்கள். அதற்குப் பிள்ளைகளையும் எழுப்பிக் கூட்டிப் போங்கள். காலை ஐந்தரைக்கு எழுந்த பிள்ளை மதியம் தானாகத் தூங்கும்.

நூலகம் பக்கத்தில் இருப்பவர்கள் பாக்கியசாலிகள். சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. வெயில் ஏறுமுன் கூட்டிப் போய் மாலையில் திரும்பினால் மதியம் முழுவதும் நிழலில் கழியும். ஊர்க் கிளை நூலகத்தில் பிள்ளை பெயரிலேயே உறுப்பினர் சேர்த்துவிடுங்கள். தன் பெயர் எழுதிய அட்டை கையில் இருந்தால் அதன் மதிப்பே வேறு.

அடுத்தது ராத்திரி. ஐபிஎல் மே கடைசி வரை போகும். ஏழரைக்குத் தொடங்குகிற ஆட்டம் முடியப் பதினொன்று தாண்டிவிடும். முழுக்க நிறுத்தச் சொன்னால் வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்க வேண்டியதும் இல்லை. ஆனால் 2022 முதல் அணிகள் 10 ஆகிவிட்டன, சீசனில் எழுபதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள். லீக் சுற்றில் ஓர் அணிக்கு 14தான். உங்களுக்குப் பிடித்த அணியின் ஆட்டங்களைக் காலண்டரில் வட்டமிட்டு அவற்றை மட்டும் எல்லோரும் சேர்ந்து பாருங்கள். மற்ற நாட்களில் ஸ்கோர் கேட்டுக்கொண்டால் போதும். பத்து வயதுக்குக் கீழ் இருக்கும் பிள்ளைகள் முதல் இன்னிங்ஸ் முடிந்ததும் படுக்கப் போகட்டும்.

ரொம்பச் சின்னக் குழந்தைகள் விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். இரண்டு வயது வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதல். சோறு ஊட்டுவதற்காக டிவி போடுவதை இந்த லீவிலேயே விட்டுவிடுங்கள். முதல் சில நாள் குழந்தை குறைவாகச் சாப்பிடும், அழும். பொறுத்துக்கொள்ளுங்கள்; பசித்தால் சாப்பிடும். டிவியை அணைத்துவிட்டுச் செல்போனைக் கையில் கொடுப்பதானால், டிவியே மேல். டிவியில் என்ன ஓடுகிறது என்றாவது நமக்குத் தெரியும்.

வீட்டில் இருக்கும் பெரியவர்களின் சீரியலில் கை வைக்காதீர்கள். பகலெல்லாம் பேச ஆளில்லாமல் இருக்கிற அம்மாவுக்கும் மாமியாருக்கும் அது துணை. அதைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் எதையும் வைக்காமல் போவது கொடுமை. அவர்களிடம் இரண்டு கேளுங்கள்: எந்தெந்த சீரியல் விட முடியாதது, எது அடுத்து வருவதால் மட்டும் ஓடுகிறது? இரண்டாவது வகையை அவர்களே குறைத்துக்கொள்வார்கள், அந்த அரை மணி நேரம் நீங்கள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால். இன்னொன்றையும் கவனியுங்கள். டிவி சத்தம் மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போனால் திட்டாதீர்கள். காது கேட்பது குறைந்திருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

கேபிள்காரருக்கு ஒரு போன் போடுங்கள். பார்க்கிற சேனலுக்கு மட்டும் பணம் கட்டுகிற முறை 2019இலேயே வந்துவிட்டது. யாரும் பார்க்காத சேனல்களும் பேக்கில் சேர்ந்தே வந்துகொண்டிருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். சேனல் குறைந்தால் ரிமோட்டை அழுத்திக்கொண்டே உட்கார்வதும் குறையும். டிடிஎச் வைத்திருப்பவர்கள் ரீசார்ஜ் செய்யும்போது இதைச் செய்யலாம்.

வாரத்தில் ஒரு நாள் டிவிக்கும் லீவு விட முடியுமா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். ஐஸ்லாந்து நாட்டில் 1987 வரை வியாழக்கிழமைகளில் டிவி ஒளிபரப்பே கிடையாது. கோடையில் ஜூலை மாதம் முழுவதும் ஒளிபரப்பை நிறுத்தி வைப்பதும் 1983 வரை வழக்கம். ஒரு நாடே அப்படி இருந்திருக்கிறது. நம் வீட்டில் ஒரு கிழமையைத் தேர்ந்தெடுப்பது பெரிய காரியமல்ல. ஞாயிறு வேண்டாம், அன்று எல்லோரும் சேர்ந்து படம் பார்க்கட்டும். செவ்வாயோ புதனோ சரியாக வரும்.

வெயில் தாழ்ந்ததும் பிள்ளைகளைத் தெருவுக்கும் மைதானத்துக்கும் விரட்டுங்கள். ஆனால் கிணறு, ஏரி, கல்குவாரிப் பக்கம் நீச்சல் தெரிந்த பெரியவர் இல்லாமல் ஒருபோதும் அனுப்பாதீர்கள். டிவியிலிருந்து எழுப்பிவிட்ட மகிழ்ச்சியில் இதை மறந்துவிடக் கூடாது.

பள்ளி திறக்கும் தேதியை அறிவித்ததும் பத்து நாள் பின்னோக்கி எண்ணிக் காலண்டரில் குறியுங்கள். அன்றிலிருந்து படுக்கும் நேரத்தைத் தினமும் கால் மணி நேரம் முன்னுக்குக் கொண்டு வாருங்கள். பதினொன்றரைக்குப் படுத்த பிள்ளை பத்தாம் நாள் ஒன்பது மணிக்குப் படுத்துவிடும். அந்தப் பத்து நாளும் சாப்பாட்டுக்குப் பிறகு டிவி போடாதீர்கள், பெரியவர்களும் சேர்த்துத்தான்.