பழைய ஆட்டம், புதிய சர்வர்

கேள்வி: இருபது வயதைத் தாண்டிய ஆன்லைன் விளையாட்டுகளுக்கு நிறுவனங்கள் அடிக்கடி புதிய சர்வர் தொடங்குவது ஏன்?

பதில்: ஆயிரக்கணக்கானோர் ஒரே கற்பனை உலகில் கூடி ஆடும் இவ்வகை விளையாட்டில், ஆண்டுகள் செல்லச் செல்ல, முன்னே வந்தவர்களிடம் ஐசுவரியமும் ஆயுதங்களும் குவிந்து, நாணயப் பெருக்கத்தால் சந்தை விலைகள் எட்டாத உயரத்துக்கு ஏறி, ஆரம்பப் பிரதேசங்கள் ஆளரவமற்றுக் கிடக்க, புதிதாகப் பிரவேசிப்பவன் துணையின்றித் திகைத்து நிற்கிறான். புதிய சர்வரிலோ எல்லோரும் வெறுங்கையுடன் ஒரே நாளில் புறப்படுகிறார்கள். அந்தச் சமத்துவமே (அது நெடுநாள் நீடிப்பதில்லை என்பது வேறு விஷயம்) பெரிய கவர்ச்சி.

1999-இல் வெளிவந்த எவர்குவெஸ்ட், விரிவாக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிடும் சர்வர்களை 2006-லேயே தொடங்கிற்று. 2004-இல் பிறந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் கதை இன்னும் சுவாரசியமானது: ரசிகர்கள் அனுமதியின்றி நடத்திவந்த நாஸ்டால்ரியஸ் என்னும் பழைய பாணி சர்வரை 2016-இல் சட்ட எச்சரிக்கையால் மூடச் செய்த, அந்த ஆட்டத்தின் சொந்தக்காரரான பிளிஸ்ஸார்ட் நிறுவனமே, இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட விண்ணப்பம் தன்னிடம் வந்து சேர்ந்த பின், 2019 ஆகஸ்டில் 'கிளாசிக்' என்ற பெயரில் அதே பழைய உலகத்தைத் தானே வழங்கிற்று, 2024-இல் அதையும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. நிறுவனத்துக்கு இதில் புதுக் கண்டங்களைச் சிருஷ்டிக்கும் செலவு இல்லை. மாதச் சந்தா வரவு மட்டும் உண்டு. வெறும் வியாபார யுக்தி என்பாரை நான் மறுக்கவில்லை. ஆனால் வாங்குகிறவர்கள் கேட்டு வாங்கிய சரக்கு இது. கூட்டம் கலைந்ததும் இச்சர்வர்களை வேறொன்றுடன் இணைத்துவிடுவதும் உண்டாதலால், சேர உத்தேசமிருந்தால் முதல் வாரத்திலேயே சேருவது உசிதம்.